ஒன்பது கன்னியர், பதினாறு கற்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரையைப் படித்தேன். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பெரிய கல்வட்டத்தைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் கட்டுரையின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: மற்றக் கல்வட்டங்கள் எல்லாம் இடுப்புயரம்கூட வராத சின்னக் கற்கள், அதற்காக மெனக்கெட வேண்டாம் என்று. போன மே மாதம் அப்படி மெனக்கெட்டவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

மகள் இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் மாவட்டத்து எக்ஸிடரில் இருக்கிறாள். அங்கிருந்து ஓக்ஹாம்ப்டனுக்கு ரயில் உண்டு. 1972இல் நிறுத்திய தினசரி ரயிலை 2021 நவம்பரில்தான் திரும்ப விட்டார்களாம். இறங்கி ஒரு டாக்சி பிடித்தால் பெல்ஸ்டன் என்ற சின்னக் கிராமம். ஊர் நடுவே புல் திடல், அதில் குற்றவாளிகளின் காலை மாட்டிவைக்கும் அந்தக் காலத்துத் தொழுமரம் இன்னும் நிற்கிறது. பேத்தி அதில் காலை விட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டாள். ஊரின் மேற்கே, குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டினால் ஒரு இரும்பு கேட். அதற்கப்புறம் டார்ட்மூர் என்ற மேட்டுநிலம். ஊட்டிக்கு மேலே முக்குருத்திப் பக்கம் போயிருப்பவர்களுக்குச் சொன்னால் புரியும்: மரமில்லாத மேடு, கோரைப்புல், காலை வைத்தால் அமுங்கும் கரிமண், ஓயாத காற்று. குன்றுகளின் உச்சியில் மட்டும் கருங்கல்லை அடுக்கி வைத்தாற்போலப் பாறைகள். அதை அங்கே 'டார்' என்கிறார்கள்.

கேட்டிலிருந்து நிதானமாக நடந்து இருபது நிமிடம். வழிகாட்டிப் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. வலது கைப்பக்கம் கல்சுவர் போய்க்கொண்டே இருக்கிறது, இடது பக்கம் ஏறுமேடு. ஒரு திருப்பத்தில் ஆடுகள் கூட்டமாகப் படுத்திருப்பதுபோல் தெரிந்தது. கிட்டப் போனால் கற்கள். 'நைன் மெய்டன்ஸ்', அதாவது ஒன்பது கன்னியர் என்று அதற்குப் பெயர்.

நான் நில அளவைத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். கல்லைக் கண்டால் கை சும்மா இருக்காது. காலடியாலேயே அளந்தேன்: குறுக்களவு ஏழு மீட்டர் சுமார். நம் வீட்டுக் கூடத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். உயரமான கல் என் இடுப்புக்கு வரும். நான் எண்ணியதில் பதினாறு கல். பேத்தி பதினேழு என்றாள். மறுபடி எண்ணினோம். அவளுக்குப் பதினேழு, எனக்குப் பதினாறு. புல்லுக்குள் அமுங்கிக் கிடந்த ஒன்றை அவள் கணக்கில் சேர்க்கிறாள், நான் நிற்பதை மட்டும் எண்ணுகிறேன். "படுத்துக்கிட்டா அது கல்லு இல்லையா தாத்தா?" என்று கேட்டாள். துறையில் ஒரு மேலதிகாரிகூட என்னை இப்படி மடக்கியதில்லை. இதே வட்டத்துக்குப் 'பதினேழு சகோதரர்கள்' என்று இன்னொரு பெயரும் உண்டு என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஒன்பது எங்கிருந்து வந்தது? ஞாயிற்றுக்கிழமை ஆடிய பெண்கள் கல்லாகப் போனார்கள் என்பது கதை. இதே கதையை டெர்பிஷரிலும் கார்ன்வாலிலும் வேறு வட்டங்களுக்கும் சொல்கிறார்கள். கார்ன்வாலில் ஒரு இடத்தில் ஞாயிறு பந்து விளையாடிய ஆண்கள் கல்லாகியிருக்கிறார்கள். ஓய்வுநாளை மீறாதே என்று பாதிரிமார் மிரட்டிய காலத்தின் வாசனை இது. கற்களோ கிறிஸ்தவ மதத்துக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் மூத்தவை. சொல்லாராய்ச்சி செய்பவர்கள் வேறொன்று சொல்கிறார்கள். கார்ன்வால் மொழியில் கல்லுக்கு 'மென்'. அது காதில் 'மெய்டன்' ஆகியிருக்கலாம். உச்சிவேளையைக் குறிக்கும் 'நூன்' என்ற ஆங்கிலச் சொல் லத்தீனில் ஒன்பதாம் மணி என்ற பொருளுள்ள 'நோனா'விலிருந்து வந்தது, அதுவே 'நைன்' ஆகியிருக்கலாம். அப்படியானால் கன்னியரும் இல்லை, ஒன்பதும் இல்லை. 'உச்சிக்கல்' என்று ஏதோ ஒன்று.

இதில் உச்சிக்கு ஒரு வேலை இருக்கிறது. இந்தக் கற்கள் நாள்தோறும் நடுப்பகலில் ஆடும் என்பது பெல்ஸ்டன் நம்பிக்கை. பேத்திக்கு இது தெரிந்துவிட்டதால் பன்னிரண்டு மணிவரை நகரமாட்டேன் என்றாள். எனக்கு இங்கேதான் பழைய புத்தி வேலை செய்தது. அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். பெல்ஸ்டன் கிரீன்விச்சுக்கு மேற்கே ஏறக்குறைய 4 பாகை. பாகைக்கு 4 நிமிடம் வைத்தால் இன்னொரு 16 நிமிடம். ஆக, கற்களின் நடுப்பகல் சுமார் ஒன்றேகால் மணிக்கு. கையில் கட்டிய கடிகாரத்தைப் பார்த்துக் கற்கள் ஆடாது அல்லவா? பன்னிரண்டு மணிக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று திரும்பியவர்கள் எத்தனை பேரோ.

காத்திருந்த அந்த நேரத்தில்தான் இடம் பிடிபட்டது. ஸ்டோன்ஹெஞ்சில் கயிற்றுக்கு வெளியே நடந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கல்லை மட்டும் பார்த்தேன். இங்கே கல்லில் பார்க்க அதிகம் இல்லாததால் கண் தானாகச் சுற்றுமுற்றும் போகிறது. தென்மேற்கே யெஸ் டார், அதன் பின்னால் ஹை வில்ஹேஸ், 621 மீட்டர். இங்கிலாந்தின் தென்பகுதியில் அதைவிட உயரம் கிடையாது. முதுகுப்பக்கம் பெல்ஸ்டன் டார். வடக்கே பார்த்தால் டெவனின் வயல்கள் பச்சைப் பச்சையாகக் கீழே இறங்கிப் போகின்றன. மேட்டுநிலம் முடிந்து விளைநிலம் தொடங்கும் ஓரத்தில் வட்டத்தை வைத்திருக்கிறார்கள். எல்லைக்கல் நட்டே காலம் தள்ளியவனுக்கு அந்த இடத் தேர்வு தற்செயலாகத் தோன்றவில்லை. இது என் ஊகம், அவ்வளவே.

கட்டுரையில் இரண்டு திருத்தம். ஒன்று, கல்வட்டங்களை டுருயிட் என்ற பழங்காலக் கெல்டிக் பூசாரிகள் கட்டினார்கள் என்பது. டுருயிடுகளைப் பற்றி ஜூலியஸ் சீசர் எழுதுவது கி.மு. முதல் நூற்றாண்டில். பெல்ஸ்டன் வட்டம் வெண்கலக் காலத்தது, அவருக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் முந்தையது. டுருயிட் கதையைப் பரப்பிய பெருமை 18ஆம் நூற்றாண்டுப் பழம்பொருள் ஆர்வலர் வில்லியம் ஸ்டூக்லி போன்றவர்களுக்கே சேரும். இரண்டு, கல்வட்டம் என்றால் கோயில் என்று எழுதியிருப்பது. பெரிய வட்டங்களுக்கு எப்படியோ, இந்தச் சின்ன வட்டம் ஒரு புதைகுழியைச் சுற்றியது. நடுவில் கற்குவியல் இருந்ததன் அடையாளமும் ஒரு பள்ளமும் தெரிகின்றன. புதையல் தேடியவர்கள் எந்தக் காலத்திலோ தோண்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்தப் பள்ளத்தில் என்ன இருந்திருக்கும்? அங்கிருந்து தெற்கே ஏழு கிலோமீட்டரில் ஒயிட்ஹார்ஸ் ஹில் என்ற மேடு. 2011இல் அங்கே கரிமண்ணுக்குள் திறக்கப்படாமல் கிடந்த ஒரு கற்பேழையைத் தோண்டினார்கள். கி.மு. 1700 வாக்கில் எரித்த ஓர் இளவயதுக்காரரின் எலும்பு, கரடித்தோலில் சுற்றியபடி. கூடவே பின்னிய கூடை, வெள்ளீயக் குமிழ் பதித்து மாட்டு மயிரில் பின்னிய கைவளை, இருநூறுக்கும் மேற்பட்ட மணிகள். அவற்றில் சில ஆம்பர், அதாவது கல்லாக இறுகிய மரப்பிசின், கடல் தாண்டி வந்த பொருள். ஈரக் கரிமண்ணில் காற்றுப் புகாததால் தோலும் நாரும் மட்காமல் தப்பின. இத்தனை அன்போடு ஒருவரை அனுப்பி வைத்த ஜனங்களைத்தான் 'சின்னக் கற்கள்' என்ற சொல் தாண்டிப் போகிறது.

அந்தக் கற்பேழைக்கு டார்ட்மூரில் 'கிஸ்ட்வேன்' என்று பெயர். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செங்கல்பட்டு மாவட்டத்தில் நான் அளந்த நிலங்களில் கல்வட்டங்கள் உண்டு. ஊரார் பாண்டவர் குழி என்பார்கள், சில இடங்களில் குள்ளர் வீடு. அவற்றைப் பற்றிய பழைய ஆங்கில அறிக்கைகளில் இதே சொல்லைப் படித்திருக்கிறேன், அர்த்தம் தெரியாமல். மெடோஸ் டெய்லர் போன்ற ஆங்கில அதிகாரிகள் 1850களில் தக்காணத்துக் கல்லறைகளைத் தோண்டியபோது சொந்த நாட்டு மேட்டுநிலச் சொல்லையே அவற்றுக்கு வைத்துவிட்டார்கள். சொல் அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது, அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு தமிழன்தான் அங்கே போய் நட்டான் என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட வேண்டாம். நம்முடையவை இரும்புக்காலத்தவை, அவர்களுடையவற்றில் இரும்பே கிடையாது.

போகிறவர்களுக்கு இன்னொன்று. கற்களின் இடுக்கில் யாரோ காசு செருகியிருந்தார்கள், ஒரு கல்லின் அடியில் மெழுகு உருகிக் கிடந்தது. என் மனைவியின் கையும் விபூதிப் பைக்குப் போனது. நான்தான் தடுத்தேன், இரண்டு நாள் பேசவில்லை. கல்மேல் படர்ந்திருக்கும் பாசிபோன்ற செதில்கள் வளரப் பல தலைமுறை எடுக்கும். எண்ணெயும் குங்குமமும் அவற்றைக் கொன்றுவிடும். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம் வேறு. அதற்கப்பால் உள்ளே போவதானால் ராணுவத்தின் சுடுதளம் இருக்கிறது. சிவப்புக்கொடி ஏற்றியிருந்தால் திரும்பிவிடுங்கள்.

ஒன்று பதினைந்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்று பத்துக்கே மேற்கிலிருந்து மூடுபனி இறங்கி, யெஸ் டார் மறைந்து, பிறகு எதிர்ப்பக்கத்துக் கற்களும் மறைந்தன. ஆடினவா இல்லையா என்று எங்களால் பார்க்க முடியவில்லை. ஐந்தாறு நிமிடத்தில் பனி விலகியதும் பேத்தி முதல் வேலையாக மறுபடி எண்ணினாள். பதினேழு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்,
மதுராந்தகம்.