அமீலியா தீவு டென்னிஸ்

ஐயா,

ஜெர்மன் டென்னிஸ் வீராங்கனை ஸ்டெஃபி கிராஃப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் 1988-இன் கோல்டன் ஸ்லாம் (ஒரே ஆண்டில் நான்கு பெரிய போட்டிகளும் ஒலிம்பிக் தங்கமும்) வந்துவிடுகிறது. சரி, வரட்டும். எனக்குப் பிடித்தது 1989. அந்த ஆண்டு முழுக்க அவர் தோற்றது இரண்டே ஆட்டங்களில். ஒன்று பாரிஸில், பிரெஞ்சு ஓப்பன் போட்டியில், அரான்சா சான்செஸிடம் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று ஃபுளோரிடாவின் அமீலியா தீவில், இறுதியாட்டத்தில், கபிரியேலா சபாட்டினியிடம். முதல் செட்டை இழந்த சபாட்டினி 3-6, 6-3, 7-5 என்று எழுந்து வந்தார்.

அந்தப் போட்டியே இப்போது இல்லை. 1980-இல் தொடங்கிய பெண்கள் போட்டி அது. களிமண் தரைதான், ஆனால் பாரிஸ் மாதிரி செங்கல் நிறம் கிடையாது. கருங்கல் வகைப் பாறையைப் பொடித்துப் பரப்பிய சாம்பல் கலந்த பச்சை. 1981 இறுதியாட்டத்தில் கிறிஸ் எவர்ட், மார்ட்டினா நவ்ரத்திலோவாவை 6-0, 6-0 என்று அனுப்பினார். நவ்ரத்திலோவாவுக்கே 'முட்டை'! அப்புறம் மோனிகா செலஸ், வீனஸ், டேவன்போர்ட் என்று பலர் கோப்பை தூக்கினார்கள். தீவில் கடைசியாக ஜெயித்தவர் ஷரபோவா, 2008-இல்.

மறு ஆண்டு தீவை விட்டுப் பக்கத்திலுள்ள பான்டே வெட்ரா பீச்சுக்குப் போட்டி இடம் மாறியது. அங்கே இரண்டு முறையும் ஜெயித்தவர் கரோலின் வோஸ்னியாக்கிதான். 2010-க்குப் பிறகு நடக்கவில்லை. உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இப்படி மறைந்துபோன போட்டிகளுக்கும் மாதம் ஒருமுறை கொஞ்சம் இடம் கொடுங்களேன்.

– பழைய டென்னிஸ் ரசிகன்