பெயர் விழுந்த மாதங்கள்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குக் கோபிக்காதே. "தம்பி தன் சேக்காளியோடு சேர்ந்து கம்பெனி தொடங்கப் போகிறான், ஆளுக்குப் பாதி என்கிறான், நீ என்ன சொல்கிறாய்?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். அதற்குப் பதில் எழுத வேண்டுமானால் என் கூட்டாளி, நாம் 'கண்ணாடி' என்று கூப்பிடுவோமே, அவனுக்கும் எனக்கும் நடந்ததை எழுத வேண்டும். ஒரு வருடமாக அதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பிரிந்தது உனக்குத் தெரியும். கேட்பவர்களிடம் எல்லாம் "சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான்" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அது உண்மைதான். அதற்குப் பின் நடந்தவைதான் பெரிது.

2022 பிப்ரவரியில் கம்பெனியைப் பதிந்தோம். ஆயிரம் பங்கு, எனக்கு 600, அவனுக்கு 400. யோசனையும் வாடிக்கையாளர்களும் என்னுடையவை, நிரல் எழுதியது முழுக்க அவன். சிறு செம்பனைத் தோட்டக்காரர்களுக்கும் குத்தகைக்காரர்களுக்கும் குலைக் கணக்கு வைக்கிற செயலி. யார் எத்தனை குலை வெட்டினார், உதிரிப்பழம் எத்தனை கிலோ, யாருக்கு எவ்வளவு கூலி, லாரி எப்போது ஆலைக்குக் கிளம்பியது என்று எல்லாம் கைப்பேசியில் ஏறிவிடும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும். அதனால் அந்த நேரக் கணக்குக்காகவே எங்களைத் தேடி வந்தவர்கள் உண்டு. கடைவீதியில் மாடி அறை, இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. முதல் ஆறு மாதம் சம்பளமே இல்லை, பிறகு ஆளுக்கு 1,200 வெள்ளி (ரிங்கிட்). கம்பெனிக்குப் பண முட்டு வந்தபோது அவன் தன் சேமிப்பிலிருந்து 18,000 வெள்ளி போட்டான். அதற்கும் ஒரு துண்டுக் காகிதம் எழுதவில்லை. "நமக்குள் எதற்கு?" என்றவன் நான்தான்.

2024 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலையில், பசியாறும்போது, சிங்கப்பூர் வேலையைப் பற்றிச் சொன்னான். மனைவிக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கடன் இரண்டு மாதம் கட்டவில்லை. இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் காதில் விழுந்தது ஒன்றுதான்: 400 பங்கையும் வைத்துக்கொண்டு இவன் போகிறான்.

அன்றே அவனுடைய மின்னஞ்சலை முடக்கினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. இரண்டு வருடம் அவன் எழுதிய நிரலுக்குள்ளேயே அவன் நுழைய முடியாதபடி செய்தேன். பதிலுக்கு அவன் சொன்னது, "செயலி ஓடுகிற இணைய முகவரி என் பெயரில்தான் இருக்கிறது, மறந்துவிடாதே." உண்மைதான், ஆரம்பத்தில் அவனுடைய கடன் அட்டையில்தான் வாங்கினோம். அவன் நினைத்தால் ஒரே நாளில் செயலி நின்றுவிடும். நாற்பது தோட்டக்காரர்களின் கூலிக் கணக்கு அந்தரத்தில் தொங்கும். ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

ஈப்போவில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். அவர் சொன்னதை உன் தம்பிக்கு அப்படியே படித்துக் காட்டு. எனக்கு 60 சதவீதம் இருப்பதால், 2016 நிறுவனச் சட்டப்படி, பாதிக்கு மேல் வாக்கு இருந்தாலே நிறைவேறும் சாதாரணத் தீர்மானம் போட்டே அவனை இயக்குநர் பதவியிலிருந்து நீக்கலாம். அதற்குச் சிறப்பு அறிவிப்பும் 28 நாள் அவகாசமும் வேண்டும். ஆனால் பதவி போனாலும் பங்கு போகாது. பங்கு அவன் சொத்து, வீடு மாதிரி. வேலையை விட்டதால் அது யாருக்கும் திரும்பி வராது, திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் ஒழிய. நாங்கள் எதையும் எழுதவில்லை.

"புதுப் பங்கு வெளியிட்டு அவனுடைய 40 சதவீதத்தைக் கரைத்துவிட்டால்?" என்று கேட்டேன். வழக்கறிஞர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கம்பெனியின் உள்விதிகளான சாசனத்தில் வேறு விதமாக எழுதாதவரை, புதுப் பங்கை முதலில் இருக்கிறவர்களுக்குத்தான் அவரவர் விகிதப்படி காட்ட வேண்டுமாம். அதை மீறினால், சிறுபான்மைப் பங்குதாரரை ஒடுக்குவதாக 346ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்துக்குப் போவான், நானே வழக்கைக் கையில் கொடுத்தது போல ஆகும் என்றார். கம்பெனியே அவன் பங்கை வாங்கிக்கொள்ளட்டும் என்றால், எங்களைப் போன்ற தனியார் கம்பெனி தன் பங்கைத் தானே வாங்கச் சட்டம் இடம் தராது. இதே தொழிலை இனி செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கவும் ஆசைப்பட்டேன். 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவில் அந்த மாதிரித் தடை செல்லாது என்று அதையும் மூடிவிட்டார்.

நான் நினைத்த கதவு ஒவ்வொன்றும் இப்படி அடைபட்டது. இன்று யோசித்தால், அடைபட்டது நல்லதற்குத்தான். ஒன்று திறந்திருந்தாலும் நுழைந்திருப்பேன்.

இந்த நிலையில் மார்ச் மாதக் கடைசியில் கணக்கு முடிக்க ரசீதுகளைத் தேடிக்கொண்டிருந்தேன். கம்பெனியின் பொது அஞ்சல் பெட்டியில் ஒரு ரசீது கிடந்தது. இணைய முகவரி ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டிருந்தது: 58 வெள்ளி, அவன் அட்டையின் கடைசி நான்கு எண். தேதியைப் பார்த்தேன். நான் அவன் மின்னஞ்சலை முடக்கிப் பதினோரு நாள் கழித்து. அவன் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. கட்டாமல் சும்மா இருந்திருந்தால் போதும், செயலி தானாக நின்றிருக்கும். வீட்டுக்கடன் பாக்கி வைத்திருந்தவன் அந்த 58 வெள்ளியைக் கட்டியிருந்தான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

அன்றிரவே, நம் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி ஐயா வீட்டுக்குப் போனேன். நினைவிருக்கிறதா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேரேட்டை வைத்துக்கொண்டு நிற்பாரே, அவர்தான். எண்பதைத் தாண்டிவிட்டார், எழுத்து இன்னும் முத்து முத்தாக இருக்கிறது. அவனையும் வரச் சொன்னார். சிங்கப்பூரை ஒட்டிய ஜொகூரிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்தான்.

காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். ஐயா பள்ளி நோட்டில் கோடு போட்டு, மாதங்களை வரிசையாக எழுதினார். எங்கள் சட்டம் எதையும் அவர் கேட்கவில்லை. "தம்பி, நான் முப்பது வருடம் செய்தது ஒரே வேலை. யார் வேலைக்கு வந்து பெயர் விழுந்தது, எத்தனை நாள் விழுந்தது. துரைக்குப் பிடித்தவன், பிடிக்காதவன் என்று பேரேட்டில் தனிப் பத்தி கிடையாது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவன் பெயர் எத்தனை மாதம் விழுந்தது?" என்றார். இருபத்து நான்கு என்றேன். கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டு தம்ளரின் அடியில் தங்கிய பாலைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தான்.

வெளியுலகில் இதற்கு வெஸ்டிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வழக்கமாக நான்கு வருடக் கணக்கு. முதல் வருடம் முடியும் முன் போனால் ஒன்றுமில்லை. பிறகு மாதாமாதம் பங்கு கைக்கு வரும். 48 மாதத்தில் 24 மாதம் பெயர் விழுந்திருக்கிறது. 400இல் 200 அவனுக்கு, 200 எனக்குத் திரும்பும். முதல் நாளே எழுதியிருந்தால் என்ன வந்திருக்குமோ அதையே வைத்தோம். அவன் போட்ட 18,000 வெள்ளியைக் கடனாகக் கணக்கில் ஏற்றி, மாதம் 1,500 வீதம் பன்னிரண்டு மாதத்தில் தருவதாக எழுதிக் கொடுத்தேன். இணைய முகவரியை அவன் கம்பெனி பெயருக்கு மாற்றினான்.

இரண்டு வாரம் கழித்துக் கையெழுத்துப் போட்டோம். அவன் பேனா எழுதவில்லை. மேசையில் கிடந்த நாளிதழின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தான், அதுவும் வரவில்லை. நான் என் பேனாவைக் கொடுத்தேன். 105ஆம் பிரிவின் பங்கு மாற்றப் படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டதும், மாடி அறைச் சாவியைப் படிவத்தின் மேலேயே வைத்துவிட்டு எழுந்தான். முத்திரை வரி ஆயிரம் வெள்ளிக்கு மூன்று வெள்ளி. ஒரு வெள்ளி விலை போட்டால் ஒரு வெள்ளிக்கு மட்டும் வரி என்று நினைத்துவிடாதே. பங்கின் மதிப்பு, விலை இரண்டில் எது அதிகமோ அதன் மேல்தான் போடுவார்கள்.

இப்போது உன் தம்பிக்கு வருகிறேன். ஆளுக்குப் பாதி என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் சாதாரணத் தீர்மானத்துக்கே பாதிக்கு மேல் வேண்டும். இருவரும் முறைத்துக்கொண்டால் எந்தத் தீர்மானமும் நகராது, கடைசியில் நீதிமன்றம் கம்பெனியையே கலைக்கச் சொல்லும் நிலை வரலாம். பாதிதான் வேண்டுமென்றால் முடிச்சு விழும்போது யார் அவிழ்ப்பது என்று எழுதட்டும். போகிறவனின் பங்கு என்ன ஆகும், எந்த விலைக்கு, யார் வாங்குவது என்பதையும் பங்குதாரர் ஒப்பந்தத்தில் இப்போதே எழுதட்டும், இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற இந்த வாரத்திலேயே. கைப்பணம் போட்டால் அது கடனா, பங்கா என்பதற்கும் அன்றே காகிதம் வேண்டும். முதலீட்டாளர்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். போனவன் கையில் 40 சதவீதம் சும்மா கிடந்தால் யாரும் உள்ளே வரமாட்டார்கள்.

என் தாத்தாவின் பங்குப் பத்திரம் இன்னும் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல், நம் ஊர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பத்திரம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில்தான் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். ஆனால் அந்தக் காகிதத்தை எண்ணெய்த்தாளில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார். நானும் கண்ணாடியும் பட்டம் வாங்கியவர்கள்.

அம்மா உன்னைக் கேட்டார். பழைய லயத்து வீடுகள் இருந்த இடத்தில் முழுக்கச் செம்பனைதான், கோயில் மட்டும் இருக்கிறது. அடுத்த மாதம் திருவிழாவுக்கு வரும்போது தம்பியையும் அழைத்து வா. எங்கள் ஒப்பந்தத்தைக் காட்டுகிறேன்.

கண்ணாடிக்கு மகள் பிறந்திருக்கிறாள். இன்னும் மூன்று தவணை பாக்கி. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி பணம் அனுப்புவேன். "கிடைத்தது" என்று ஒரு சொல் வரும், அவ்வளவுதான். போன மாதம் அதன் கீழே இன்னொரு வரி இருந்தது: "மழை நாள் கூலிக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது, நான் பார்க்கட்டுமா?" அவன் மின்னஞ்சலை அன்றே திறந்துவிட்டேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்