பாப்பாவின் பாட்டுக்கு என்ன அவசரம்?

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பாப்பாவுக்கு மூன்றரை வயதாகிறதே, பாட்டு டீச்சரிடம் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. இன்னும் இரண்டு வருஷம் வீட்டுப் பாட்டே போதும். டீச்சர் முதலில் எடுக்கும் ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசை, மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்கும். அதில் ச-ரி, க-ம, ப-த, நி-ச எல்லாம் ஒட்டி ஒட்டி நிற்கிற ஸ்வரங்கள். சின்னக் குரல் அங்கேதான் வழுக்கும். வீட்டில் மோகன ராகத்தில் பாடுங்கள், அதில் அந்த நெருக்கம் கிடையாது. ச ரி க ப த, ஐந்தே ஸ்வரம். அதிலும் முதல் சில மாதம் ச ரி க மட்டும் பாடுங்கள், தினம் பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

நிறைய வீடுகளில் கோட்டை விடுவது சுருதியில்தான். கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கான அளவு, எண் கூடினால் சுருதி ஏறும். நீ 4½ கட்டையில் பாடுகிறவள். அவளும் அதிலேயே பாடினால் கீழ் ஸட்ஜம், அதாவது தொடங்குகிற 'ச', வெறும் காற்றாகப் போகும், பேசுகிற குரலில் சொல்லிவிட்டுப் போவாள். உடனே "இதுக்கு சுருதியே சேரலை" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். அவள் விளையாடும்போது தானாகப் பாடுவாள் இல்லையா, அதைப் போனில் பதிவு செய். போனில் சுருதி ஒலிக்கிற தம்பூரா ஆப்பை அரை அரைக் கட்டையாக ஏற்றிக்கொண்டே போய், அவள் குரல் எந்த இடம்வரை தெளிவாக இறங்குகிறது என்று பார். அதுதான் அவளுடைய ஸட்ஜம். பெரும்பாலும் 6, 6½ கட்டைக்குப் பக்கத்தில் வரும். நீதான் அங்கே ஏறிப் போக வேண்டும்.

விலகிப் பாடினால் "தப்பு" என்று சொல்லவே சொல்லாதே. அவள் எந்த ஸ்வரத்தில் நிற்கிறாளோ அதையே நீயும் பாடு. இரண்டு மூச்சு அங்கேயே சேர்ந்து நில்லுங்கள், பிறகு மெல்ல ஸட்ஜத்துக்கு இழுத்துக்கொண்டு போ. இரண்டு குரல் ஒன்றாவது எப்படி இருக்கும் என்று கேட்டே இராத குழந்தை எப்படிச் சேர்ந்து பாடும்? "சத்தமாப் பாடு" என்பதும் வேண்டாம், கத்த ஆரம்பித்துவிடுவாள், தொண்டை கட்டும்.

தாளத்துக்கு விரல் எண்ணுவதெல்லாம் பிறகு. பாடிக்கொண்டே சுண்டுவிரல், மோதிரவிரல் என்று பிரித்து எண்ண இந்த வயதில் வராது. நாலு எண்ணிக்கைக்கு "தகதிமி" சொல்லிக்கொண்டு கூடத்தில் நடங்கள், அது பழகியதும் மூன்று எண்ணிக்கைக்கு "தகிட". நாம் குழந்தைக்காக என்று காலத்தை இழுப்போம். அவர்களுக்கு இயல்பாக வருவது நம்மைவிட வேகமான நடை. அவள் நடைக்கு நீ தட்டு.

பொம்மை பியானோ வாங்காதே, பலவற்றில் சுருதி சுத்தமாக இருக்காது. அதற்குப் பதில் மூன்று பீங்கான் கிண்ணம் எடு, பெரிது, நடுத்தரம், சிறிது. தண்ணீர் கூடக்கூட ஒலி இறங்கும். ஆனால் தண்ணீரால் ஓரளவுக்குத்தான் இறக்க முடியும், அதனால்தான் வேறு வேறு அளவு. பெரியதை ஸட்ஜமாக வைத்து மற்ற இரண்டையும் தண்ணீரைக் கூட்டிக் குறைத்து ரி, க என்று சுருதி சேர். மெல்லிய மரக்குச்சியால் விளிம்பில் தட்ட வேண்டும். இதோடு அவளைப் பாடச் சொல்லாதே, அவள் கட்டையும் கிண்ணமும் சேராது. நீ தட்டு, அவள் திரும்பி உட்கார்ந்து எந்தக் கிண்ணம் என்று சொல்லட்டும். ராத்திரி விட்டுவைத்தால் தண்ணீர் வற்றி ஒலி மாறிவிடும், மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்.

அவளுடைய கட்டை எது என்று பார்த்து எழுது. ச ரி க-வில் நாலு வரிப் பாட்டு இரண்டு மூன்று, அந்தச் சுருதியிலேயே பாடி அனுப்புகிறேன்.

அன்புடன்,
கௌரி