வள அறைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

மதிப்புக்குரிய ஆலய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொதுக்கூட்டத்தில் நீங்கள் ஒப்புதல் தந்த வள அறை, அதாவது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் நம் தமிழ் வகுப்பில் தனிக்கவனத்தோடு படிப்பதற்கான அறை, வேலை முடிந்து தயாராகிவிட்டது. தைப்பூசத்துக்கு அடுத்த சனிக்கிழமை கணபதி ஹோமம் செய்து திறந்தோம். மறுநாளே பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

கோபுரமும் சுதையும்தானே திருப்பணி, இது எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். சிங்கப்பூரில் 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் பொருந்துகிறது. பள்ளியில் அவர்களுக்கு உதவப் பயிற்சி பெற்ற அலுவலர்கள் இருக்கிறார்கள். ஆனால் வார இறுதியில் நம்மிடம் தமிழ் படிக்க வந்த பிள்ளைக்கு நாம் வைத்திருந்தது மூன்று படிக்கட்டும் இரைச்சலான ஒரு கூடமும்தான். இரண்டு குடும்பங்கள் வருவதை நிறுத்தின. ஏன் என்று நாங்கள் கேட்கக்கூட இல்லை. அந்த வருத்தத்தில் தொடங்கியதுதான் இந்த வேலை.

முதலில் சாய்தளம். படிகளின் மொத்த உயரம் 45 செண்டிமீட்டர். ஒரு பங்கு ஏற 12 பங்கு நீளம் என்பது விதி, அப்படியானால் 5.4 மீட்டர் வேண்டும். வாசலில் அவ்வளவு இடம் இல்லை. அதனால் பாதியில் திருப்பி, சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் சமதளம் விட்டோம். செருப்பு அலமாரியும் கால் கழுவும் குழாயும் இடம் மாறியது இதனால்தான்.

அடுத்தது நாங்கள் செய்த தவறு. அறையை மடைப்பள்ளிக்குப் பின்னால் ஒதுக்குப்புறமாக வரைந்திருந்தோம். வரைபடத்தைப் பார்த்த ஒரு தாயார், "அங்கே வைத்தால் என் மகன் 'அந்த ரூம் பையன்' ஆகிவிடுவான், ஐயா" என்றார். அதற்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. திட்டத்தை மாற்றினோம். இப்போது அறை வகுப்பை ஒட்டியே இருக்கிறது. நடுவே ஒரு கதவு. பிள்ளை அரை மணி நேரம் இங்கே படித்துவிட்டு நண்பர்களிடம் திரும்பிப் போகிறது. வேலை இரண்டு மாதம் தள்ளிப்போனதும் செலவு கூடியதும் இதனால்தான். பொறுப்பு முழுக்க எங்களுடையது.

அறைக்குள் பெரிய சாதனங்கள் இல்லை. சத்தம் தாங்காத ஆட்டிசப் பிள்ளைகளுக்காக மேளச் சத்தத்தைக் குறைக்கும் கனமான கதவு, மங்கலாக்கக்கூடிய விளக்கு, அப்புறம் விரலால் எழுத அரிசி பரப்பிய தட்டுகள். டிஸ்லெக்சியா (வாசிக்கவும் எழுதவும் சிரமப்படும் நிலை) உள்ள பிள்ளைக்குத் தமிழ் எழுத்து எவ்வளவு பாரம் என்பதை ஆசிரியை எங்களுக்கே பாடம் நடத்தினார். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் கால். போதாக்குறைக்கு ல, ள, ழ. விரலால் எழுதி, கண்ணால் பார்த்து, வாயால் சொன்னால் எழுத்து மனத்தில் நிற்கிறது. ஆர்ட்டன்-கில்லிங்ஹம் என்ற பயிற்சி முறையின் அடிப்படையும் இதுவே. விஜயதசமியன்று அரிசியில் 'அ' எழுதவைக்கும் நமக்கு இது புதிதா என்ன! ஒரு சிறுமி மூன்று வாரம் 'கொ' மட்டும் எழுதினாள். நான்காம் வாரம் 'கொக்கு' என்று வாசித்தாள். அன்று ஆசிரியை அலுவலகத்துக்கு ஓடிவந்து சொன்னார்.

கழிவறைக் கைப்பிடி மட்டும் பாக்கி, இம்மாதம் பொருத்திவிடுவோம். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு அலுவலகத்தில் உள்ளது, யாரும் பார்க்கலாம். ஞாயிறு காலை வகுப்புக்கு இன்னும் இரண்டு தொண்டூழியர்கள் தேவை.

ஒரு வேண்டுகோள். விசேஷ நாட்களில் சாய்தளத்தின் மேல் செருப்பையோ பூக்கூடையையோ வைக்காதீர்கள்.

ஆலய நிர்வாகக் குழு