புகை டெஸ்ட் சீட்ட ஒருதடவ படிச்சுப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கங்க.

பழைய வண்டிய வச்சுக்கறதா தள்ளிவிடறதான்னு மூணு மாசமா எங்க வீட்டுல இதே பேச்சுதான், இப்ப ஒரு முடிவுக்கு வந்துட்டோம், மத்தவங்களுக்கும் உதவட்டும்னு எழுதறேன். நான் சிவதாபுரத்துல சின்னதா கொலுசுப் பட்டறை வச்சிருக்கேன். வண்டி 2011 ஆகஸ்ட்ல எடுத்த பெட்ரோல் கார், பிஎஸ் 3, அதாவது பாரத் ஸ்டேஜ் 3ங்கற புகை விதிப்படி செஞ்சது, ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிருச்சு. மச்சான் ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துல வேலை பாக்கறாரு, மாமியாரும் அங்கதான் இருக்காங்க, அதனால மாசத்துக்கு ரெண்டு தடவையாவது அந்த 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கற வண்டி இது.

ஆறு மாசத்துக்கு ஒருக்கா எடுக்கற புகை டெஸ்ட்ல இந்த தடவ ஃபெயிலாயிருச்சு. சி.ஓ.ன்னு போட்டிருக்கும் பாருங்க, கார்பன் மோனாக்சைடு, எங்க வண்டி மாதிரி வண்டிக்கு அது 0.5 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, எனக்கு 1.9 காட்டுச்சு. எனக்கு நம்பவே முடியல, ஏன்னா பின்னாடி நின்னு பாத்தா புகையே தெரியல. அப்பறந்தான் தெரிஞ்சுது அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாதுன்னு.

வழக்கமா போற மெக்கானிக் தம்பி, "ஏண்ணா இதுக்குப் போய் கவலப்படறீங்க, வேற சென்டர் ஒண்ணு இருக்கு, பைப்புக்குள்ள குழாயே விடமாட்டாங்க, வண்டிய போட்டோ எடுத்துட்டு சர்டிபிகேட் கையில குடுத்துருவாங்க"ன்னாரு. சர்டிபிகேட் இல்லாம மாட்டுனா அபராதம் 10,000 ரூபா வரைக்கும் போகுது, அந்த பயத்துலயே நெறய பேரு இப்படி வாங்கி வச்சிருக்காங்கன்னு நெனைக்கறேன். ஆனா என்னால முடியல. கோடை விழா சமயத்துல மலைப்பாதையில 60 அடி பாலத்துக்கிட்ட வண்டியெல்லாம் நத்தை மாதிரி ஊர்ந்து ஏறும், வாந்தி வருதுன்னு கண்ணாடிய இறக்கிவிட்டு தலைய வெளிய நீட்டிக்கிட்டு வர்ற புள்ளைங்க முன்னாடி போற வண்டியோட பைப்புப் புகையத்தான் மூச்சா இழுக்குதுங்க. எங்க மாமியாருக்கு வீசிங் இருக்கு. காச குடுத்து பேப்பர் வாங்கிட்டா காத்து சுத்தமாயிருமா, சொல்லுங்க.

பையன் வித்துரலாங்கறான். "அப்பா, சின்ன காருக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆயிருச்சு, போன 2025 செப்டம்பர் 22ல இருந்து, இதவிட நல்ல நேரம் வராது"ன்னு கணக்கு போட்டு காட்டறான். அவன் சொல்றது தப்பில்ல. ஆனா எக்ஸ்சேஞ்சுல குடுத்தா இந்த வண்டி எங்க போகும், வேற யாரோ வாங்கி இதே 1.9ஓட இதே மலையில ஓட்டுவாங்க. புகை நம்ம பேர்ல இருந்து இன்னொருத்தர் பேருக்கு மாறும், அவ்வளவுதான்.

எங்க தொழில்ல பழைய கொலுசு வந்தா டச், அதாவது வெள்ளியோட சுத்தம், பாக்காம விலை சொல்லமாட்டோம். கார் விஷயத்துல மட்டும் எதுவும் பாக்காமயே விக்கறதா ரிப்பேரான்னு சண்ட போட்டுக்கிட்டு இருந்திருக்கோம்னு எனக்கு லேட்டாத்தான் உறைச்சுது. கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு பெரியவர் ஷெட்டு வச்சிருக்காரு, அவர்கிட்ட போனேன். பானெட்ட தொறக்கறதுக்கு முன்னாடியே "அந்த சீட்ட குடு தம்பி"ன்னு வாங்கி படிச்சாரு. சி.ஓ. ஏறியிருக்கு, ஹெச்.சி., அதாவது ஹைட்ரோகார்பன், எரியாத பெட்ரோல், அது 750 வரைக்கும் இருக்கலாம், உனக்கு 420தான், அப்ப பெட்ரோல் எரியாம வரல, தேவைக்கு மேல பெட்ரோல் உள்ள போகுதுன்னாரு. சி.ஓ. சரியா இருந்து ஹெச்.சி. மட்டும் எகிறுனா பிளக்கு, இக்னிஷன் பக்கம் பாக்கணுமாம். அப்பறம் பிளக்க கழட்டி என் உள்ளங்கையில வச்சாரு. நுனியெல்லாம் விளக்குக் கரி மாதிரி கரி, விரல்ல தேய்ச்சா பொடியா வருது. "ஈரமா எண்ணெய்ப் பிசுக்கா இருந்தா எஞ்சின் ஆயில் குடிக்குது, இது வறண்ட கரி, பொழைச்சே"ன்னாரு. ஸ்கேனர் மாட்டி பாத்தா, பெட்ரோல் அளவ சரியா வைக்க உதவற ஆக்சிஜன் சென்சார் வேலையே செய்யல, ஏர் ஃபில்டரும் அடைச்சிருந்துச்சு.

இன்னொண்ணும் சொன்னாரு, இது மலை ஓட்டறவங்க எல்லாரும் செஞ்சு பாக்கலாம். ஏற்காட்டுல இருந்து செகண்ட் கியர்ல ஆக்ஸிலேட்டர தொடாம இறங்கிட்டு, அடிவாரத்துல ரோடு சமமானதும் ஒரு அழுத்து அழுத்தணும், பின்னாடி நீலமா புகை கக்குனா வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ போயிருச்சுன்னு அர்த்தம். நானும் என் சம்சாரமும் அந்த ஞாயித்துக்கிழமையே போனோம், அவ பின்கண்ணாடி வழியா திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தா, ஒண்ணும் வரல.

சென்சார், நாலு பிளக்கு, ஃபில்டர், ஆயில், கூலி எல்லாம் சேத்து 7,400 ரூபா ஆச்சு. மறுபடி டெஸ்ட், 0.3. புகைய சுத்தம் பண்ற டப்பா, கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், இன்னும் உயிரோட இருக்குன்னு அப்பத்தான் நிம்மதியாச்சு, அது போயிருந்தா இருபதாயிரத்துக்கு மேல வந்திருக்கும். நடுவுல ஒருத்தர் அத அறுத்து எடுத்துட்டு வெறும் பைப்பு போட்டா பிக்கப் வரும்னு வேற சொன்னாரு. அந்த டப்பாக்குள்ள இருக்கறது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம், அதுதான் விஷப்புகைய மாத்தி வெளிய விடுது. தயவுசெஞ்சு யாரும் அறுக்க விடாதீங்க.

நீலப்புகை வந்திருந்தா நான் ரிப்பேருக்கு போயிருக்க மாட்டேன். 15 வருஷ வண்டிக்கு எஞ்சின் பிரிச்சு வேலை செய்யறது நம்ம பட்ஜெட்டுக்கு சரிவராது, அப்ப வெளிய விக்காம அரசு பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துலதான் குடுத்திருப்பேன், வண்டிய ஒப்படைச்சதுக்கு அங்க குடுக்கற டெபாசிட் சான்றிதழ் இருந்தா புது வண்டி ரோடு டேக்ஸ்ல 25 சதவீதம் வரைக்கும் சலுகை தரலாம்னு மத்திய அரசு விதியில இருக்கு. இப்ப 15 வருஷம் முடிஞ்சதும் ஆர்.சி.ய புதுப்பிக்கப் போறோம், கட்டணம் 5,000, பசுமை வரி தனி. டெல்லியில பழைய வண்டிக்கு போட்ட தடைய நம்மூருக்கும் வந்துருச்சுன்னு வாட்ஸ்அப்ல பரப்பறாங்க, அது டெல்லி சுத்துவட்டாரத்துக்கு மட்டுந்தான்.

ஆசிரியர்கிட்ட ரெண்டு வேண்டுகோள். குழாய் விடாமலே சர்டிபிகேட் குடுக்கற சென்டர்கள அதிகாரிங்க நேர்ல போய் பாக்கணும்னு எழுதுங்க. அப்பறம் அந்த டெஸ்ட் சீட்டோட மாதிரி ஒண்ண பெருசா போட்டு, எந்த நம்பர் எது, பிஎஸ் 3க்கு எவ்வளவு, பிஎஸ் 4க்கு எவ்வளவுன்னு அரைப்பக்கம் போடுங்க, மே மாசம் மலைக்கு கூட்டம் வர்றதுக்குள்ள வந்தா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக்காரர்,
சிவதாபுரம், சேலம்.