திருநெல்வேலியில் காந்தி சொன்னதும் தாகூர் மறுத்ததும்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. பேரன் செஸ் போட்டியில் கோப்பை வாங்கிய சேதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். உன் மூட்டுவலிக்கு முடக்கத்தான் தோசை சாப்பிடச் சொல்கிறாள் என் வீட்டுக்காரி. முதலில் எக்ஸ்ரே எடு என்கிறேன் நான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உலகம் எப்படி நடக்கிறது என்பதை அறிவியல் சொல்லட்டும், மனுஷன் எப்படி நடக்க வேண்டும் என்பதை மதம் சொல்லட்டும், ஆளுக்கொரு வயல், நடுவில் வரப்பு, எதற்குச் சண்டை என்று எழுதியிருந்தாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரப்பைத் தாண்டாமல் யாராலும் இருக்க முடிவதில்லையே! அதுவும் சாதாரண ஆளில்லை, காந்தியே தாண்டினார். தாண்டியது உன் ஊரில்.

1934 ஜனவரி 15, மதியம் இரண்டேகால் மணி வாக்கில் பீகாரும் நேபாளமும் குலுங்கின. 8 அளவுக்கு வந்த பூகம்பம். 10,000 பேருக்கு மேல் செத்தார்கள். முங்கேர், முசாபர்பூர் நகரங்கள் இடிந்து குவிந்தன. வடபீகாரில் வயல் நடுவே தரை வெடித்து மணலும் தண்ணீரும் பீறிட்டு வந்து, விளைநிலத்தை மூடி, கிணறுகளைத் தூர்த்துவிட்டன. கரும்பு வெட்டும் காலம். ஆலைகள் விழுந்து கிடக்க, கரும்பு வயலிலேயே நின்றது.

காந்தி அப்போது தீண்டாமைக்கு எதிரான சுற்றுப்பயணத்தில் நம் பக்கம் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில் பீகாருக்கு உதவி கேட்டுப் பேசும்போது, ஹரிஜனங்களுக்கு நாம் செய்த பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இந்தப் பூகம்பம் என்றார். இதை நீங்கள் மூடநம்பிக்கை என்று சொன்னாலும் சரி, என்னோடு சேர்ந்து அந்த மூடநம்பிக்கையை வைத்துக்கொள்ளுங்கள் என்கிற தோரணையில் பேசினார்.

தாகூருக்குப் பொறுக்கவில்லை. தீண்டாமையை காந்தி அளவுக்கே வெறுத்தவர் அவர். ஆனாலும் மறுப்பு எழுதி, நீங்கள் இப்படிச் சொன்னது உண்மையானால் இதை வெளியிடுங்கள் என்று காந்திக்கே அனுப்பினார். தான் நடத்திய ‘ஹரிஜன்’ பத்திரிகையின் பிப்ரவரி 16 இதழில் அதை முழுசாகப் போட்டு, பக்கத்திலேயே தன் பதிலையும் போட்டார் காந்தி. இப்போது இரண்டு பேர் இப்படிச் சண்டை போட்டுக் காட்டட்டும், பார்ப்போம்.

தாகூர் சொன்னதில் பாதிதான் அறிவியல். இயற்கை உற்பாதத்துக்கு இயற்கையில்தான் காரணம் இருக்கும் என்றார். மீதிப் பாதி முழுக்க அறம். சாதி பார்த்தவனையும் பார்க்காதவனையும், தொட்டிலில் கிடந்த பிள்ளையையும் சேர்த்து நசுக்கிப் பாடம் சொல்லும் கடவுளைவிட மனுஷன் மேலானவன் என்று ஆகிவிடாதா என்பதுதான் அவர் கேள்வியின் சாரம். இன்னொன்றும் சொன்னார்: இதே வாதத்தைச் சனாதனிகளும் எடுத்துக்கொள்வார்கள், பூகம்பத்துக்குக் காரணமே காந்தியின் பிரசாரம்தான் என்பார்கள். 2018-ல் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது, சபரிமலையில் பெண்களை அனுமதிக்கும் வழக்கால் வந்த வினை என்று சிலர் முடிச்சுப் போட்டார்களே, நினைவிருக்கிறதா? காந்தி கோயில் கதவைத் திறக்கச் சொல்லி எடுத்த வாதம், கதவைச் சாத்தச் சொல்பவர் கைக்குப் போக 84 வருஷம்தான் ஆனது.

பீகார் மேல் ஏன், தெற்கின் மேல் ஏன் இல்லை என்று கேட்டவர்களுக்கு, நான் கடவுள் இல்லையே என்று பதில் சொன்னார் காந்தி. அதில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் அடுத்துச் சொன்னதுதான் இடிக்கிறது: என் நம்பிக்கை பொய்யாகவே போனாலும் எனக்கும் என்னோடு நம்புகிறவர்களுக்கும் நன்மைதான் செய்திருக்கும், எங்களைத் தூய்மைப்படுத்திக்கொள்ள இன்னும் முனைந்திருப்போம் என்றார். சத்தியமே கடவுள் என்று சொன்ன மனுஷன்! தீண்டாமை கொடுமை என்பதற்குப் பூமி குலுங்கிச் சாட்சி சொல்ல வேண்டுமா? குலுங்காத வருஷத்திலும் அது கொடுமைதானே? என் கட்சி அவ்வளவுதான். நல்ல காரியத்துக்குத் தப்பான காரணத்தை முட்டுக் கொடுத்தால், அந்த முட்டு சரியும் நாளில் காரியமும் சேர்ந்து சரியும்.

இதற்காக அறிவியலைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறேன் என்று நினைக்காதே. 1934-ல் தாகூருக்கும் நிஜக் காரணம் தெரியாது, யாருக்குமே தெரியாது. பூமியின் மேலோடு பெரிய பெரிய பாறைத் தட்டுகளாக நகரும் கதை 1960-களில்தான் நிலைபெற்றது. இந்தியத் தட்டு வருஷத்துக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இமயத்துக்கு அடியில் நுழையப் பார்க்கிறது, சிக்கிக்கொள்கிறது, பல நூறு வருஷ இறுக்கம் ஒரு நாளில் விடுபடுகிறது. நேபாள மலையடிவாரத்தில் 1934-ன் பிளவையும், 1255-ல் பிளந்த தடயத்தையும் கண்டுபிடித்து 2013-ல் எழுதினார்கள். 1255-ல் யார் பாவமோ! ஆனால் எந்த நிலநடுக்க ஆய்வும் தீண்டாமை தவறு என்று எழுதாது. அது அவர்கள் கையில் இல்லை. அந்த அளவுக்கு உன் வரப்பு சரிதான்.

ஒரு வேடிக்கை பார். இதே தாகூர் 1930-ல் ஐன்ஸ்டைனைச் சந்தித்தபோது, மனுஷனை விட்டுத் தனியாக உண்மை என்று ஒன்று இல்லை என்று வாதாடினார். ஐன்ஸ்டைனோ, மனுஷன் இல்லாவிட்டாலும் உண்மை உண்டு, அதை என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் நம்புகிறேன் என்றார். அப்படியானால் உங்களைவிட நான்தான் மதநம்பிக்கை உள்ளவன் என்று அவருக்குச் சிரிப்பு வேறு. யார் எந்தக் கட்சி என்று நீயே சொல்.

பீகார் நிவாரணக் கணக்கைப் பார்த்தவர் யார் தெரியுமா? தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா. தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்றணா என்று வைத்திருந்தார். காந்தி தன் ஆட்களோடு பீகாருக்கு வந்தபோது, உங்கள் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். காந்தியும் ஏற்றுக்கொண்டார். குமரப்பா நல்ல கிறிஸ்தவர். அந்தக் கண்டிப்பு பைபிளில் இருந்து வந்ததா, லண்டனில் படித்த ஆடிட்டர் படிப்பில் இருந்து வந்ததா? எனக்கென்னவோ பிரிக்க முடியும் என்று தோன்றவில்லை. உனக்குப் பிரிக்கத் தெரிந்தால் எழுது.

நீ காந்தி கட்சியில்தான் நிற்பாய் என்று தெரியும். நில்லு. ஆனால் ‘நம்பினதால் நாலு பேருக்கு நல்லது நடந்ததா இல்லையா’ என்று மட்டும் ஆரம்பிக்காதே. அதை அவரே சொல்லி முடித்துவிட்டார். உங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு வர டிக்கெட் போட்டாயிற்று, இரண்டு நாள் இருப்போம். மிச்சச் சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
கணேசன்