இசட் டிரைவைக் காலி செய்கிறோம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, நேற்று கண்ணாடி இல்லாமலே பேப்பரில் தலைப்புச் செய்திகளைப் படித்துக் காட்டினார். சின்னவளுக்கு அரையாண்டுத் தேர்வு. இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது, ஒவ்வொரு முறை இருட்டும்போதும் என் மனம் ஆபீஸ் சர்வர் அறைக்குத்தான் போகிறது.

உங்கள் பம்ப் கம்பெனியிலும் ஃபைல்களை எல்லாம் கிளவுடுக்கு, அதாவது இன்டர்நெட் வழியாக எட்டும் வேறொரு நிறுவனத்தின் சர்வருக்கு, மாற்றச் சொல்லிவிட்டார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாயே, அதற்காகத்தான் உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன். நாங்கள் நான்கு மாதமாக இதே வேலையில்தான் இருக்கிறோம், பொங்கல் விடுமுறையில் மாற்றிவிடுவதாகத் திட்டம்.

எங்களுக்கு இந்த எண்ணம் வந்ததே தண்ணீரால்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எப்படியோ தப்பித்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்தது உனக்குத் தெரியும். எங்கள் தரைத்தளத்தில் முழங்கால் அளவு. சர்வரை நானும் வாட்ச்மேன் அண்ணனும் மேசை மேல் தூக்கி வைத்தோம், அது பிழைத்தது. பேக்கப் எடுத்து வைத்த ஹார்ட் டிஸ்க்குகள் அதே அறையில் இருந்த இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தன. எல்லாம் நனைந்து போயின. அன்றைக்குச் சர்வரும் போயிருந்தால் பதினெட்டு வருடக் கணக்கு, டிராயிங், ஆள் விவரம் எதுவும் மிஞ்சியிருக்காது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் எடுத்தது மைக்ரோசாஃப்ட் 365, ஃபைல்கள் அதன் ஃபைல் கிடங்கான ஷேர்பாயிண்டில், ஆபீஸ் உரையாடல் எல்லாம் டீம்ஸ் செயலியில். முதலில் இடத்தைக் கணக்குப் போடு. கம்பெனிக்கு ஒரு டெராபைட், அதோடு லைசென்ஸ் உள்ள ஒவ்வொரு ஆளுக்கும் 10 ஜிபி, இவ்வளவுதான் ஷேர்பாயிண்டுக்குக் கிடைக்கும். எங்களுக்கு 45 லைசென்ஸ், ஆக சுமார் ஒன்றரை டெராபைட். ஆபீஸ் சர்வரில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் எங்கள் இசட் டிரைவில் இருந்ததோ 2.1 டெராபைட். ஒரே ஃபைலின் பழைய பதிப்புகளும் அந்த இடத்துக்குள்தான் கணக்கில் வரும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நீ மறந்துவிடாதே.

அப்படியே தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பைத்தியக்காரத்தனம். எங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவை வைத்து ஒரு சோதனை ஓட்டம் விட்டோம், இரண்டாவது நாளே ஒரு பையன் ஏதோ வெண்டர் ரேட் தேடப்போய் தேடல் முடிவில் 2019 சம்பளப் பட்டியல் வந்து நின்றது. யாரோ எப்போதோ அதைத் தரக்கட்டுப்பாட்டு ஃபோல்டருக்குள் ஐந்தாறு அடுக்கு தள்ளி வைத்திருக்கிறார்கள். பழைய சர்வரில் எல்லோருக்கும் எல்லாப் பெர்மிஷனும் இருந்தது, ஆனால் அந்த மூலைக்கு யாரும் போகாததால் யார் கண்ணிலும் படவில்லை. கிளவுடில் தேடல் அப்படி விடாது, உனக்குத் திறக்க உரிமை இருக்கிற எதையும் அது எடுத்துக் கொடுத்துவிடும். அந்தப் பையன் நல்லவன், நேராக என்னிடம் வந்து சொன்னான். ஆனால் அந்தப் பட்டியலில் இருந்தவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியவன், அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதற்கப்புறம்தான் வேலையைத் தலைகீழாக மாற்றினேன். எதை எங்கே நகர்த்துவது என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் முன்னால் உட்கார்ந்து இது யாருடையது, யார் பார்க்கலாம், இல்லாமல் போனால் யார் அழுவார்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். பதில் தெரிந்தது ஒரே ஒருவருக்கு, எங்கள் கணக்குப் பிரிவு அக்காவுக்கு. மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்கிறேன். "இது பழைய ஆடிட்டர் கேட்டது, இது கஸ்டம்ஸ் கேஸ், தொடாதே" என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். உன் ஆபீஸிலும் அப்படி ஒருவர் இருப்பார். எந்த டூலையும் வாங்குவதற்கு முன்னால் அவரைப் பிடி.

பெர்மிஷனை ஃபோல்டர் ஃபோல்டராகப் பூட்டாதே, ஆறு மாதத்தில் யாருக்கு எது திறந்திருக்கிறது என்று உனக்கே தெரியாமல் போகும். ஷேர்பாயிண்டில் சைட் என்றால் தனி வாசல் உள்ள ஒரு ஃபைல் அறை மாதிரி, நாங்கள் சம்பளத்துக்குத் தனி சைட், கணக்குக்குத் தனி சைட் என்று பிரித்துவிட்டோம். பூட்டு வாசலில் மட்டும்தான்.

இப்போது உன்னிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. நம் ஊர்க் கம்பெனிகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, எந்த வழிகாட்டியிலும் நான் அதைப் பார்க்கவில்லை. தொழிலாளர்களுக்கான நோட்டீஸ், யூனியனோடு போட்ட ஒப்பந்தம், விளக்கக் கடிதம், எல்லாம் தமிழில். பாதிக்கு மேல் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை. அவற்றில் திரையில் தெரிவதுதான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் ஃபைலுக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில், பிரவுசரில், போனில் திறந்தால் அந்தக் குப்பைதான் தெரியும். "மிகைநேர ஊதியம்" என்று யூனிகோடில், அதாவது எல்லாக் கம்ப்யூட்டரும் போனும் தமிழாகவே புரிந்துகொள்ளும் இன்றைய எழுத்துமுறையில், தேடினால் அந்த நோட்டீஸ் வரவே வராது. பழைய இசட் டிரைவில் ஆபீஸின் எல்லாக் கம்ப்யூட்டரிலும் எழுத்துரு போட்டிருந்ததால் இது யாருக்கும் தெரியவில்லை. அப்படியே ஏற்றியிருந்தால் இங்கிலீஷ் ஃபைல்கள் எல்லாம் தேடினால் கிடைக்கும், தொழிலாளிகள் சம்பந்தப்பட்ட காகிதம் மட்டும் கிடைக்காது. அது எனக்குப் பொறுக்கவில்லை. என்.எச்.எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றி இலவசம், அதில் போட்டு யூனிகோடாக்கலாம். ஆனால் ஒரே பக்கத்தில் ஆங்கிலச் சொற்கள் கலந்திருந்தால் அவற்றையும் சேர்த்துக் குழப்பிவிடும், ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும். இதுவரை 340 கடிதம் முடித்திருக்கிறோம், ஒரு அப்ரண்டிஸ் பெண் முழுநேரமும் இதைத்தான் செய்கிறாள், ரொம்ப அழகாகச் செய்கிறாள்.

ஸ்கேன் செய்த பில்களும் ஏறக்குறைய இதே கதைதான், அவை வெறும் படம். பெயரிலேயே வெண்டர், பில் எண், தேதி மூன்றும் இருக்கும்படி மாற்று. பெயரை நீட்டவும் செய்யாதே. ஷேர்பாயிண்டில் ஃபோல்டர் பாதையும் பெயரும் சேர்ந்து 400 எழுத்துக்குள் இருக்க வேண்டும், தமிழில் "கோ" என்பதே இரண்டாகக் கணக்காகும். எங்களிடம் "புதுசு", "புதுசு கடைசி", "புதுசு கடைசி ஓகே" என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் பதினொரு அடுக்கு இருந்தது.

எல்லாவற்றையும் ஏற்றவும் கூடாது. டேலி கணக்கு மென்பொருளின் டேட்டா ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும், சிங்க் ஆகும் (கிளவுடோடு தானாகவே ஒத்துப்போகும்) ஃபோல்டரில் அதை வைத்தால் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு, பேக்கப் நகல் மட்டும் மேலே போகட்டும். டிராயிங்குகள் 700 ஜிபி, அவற்றையும் உள்ளேயே விட்டுவிட்டோம், பல பாகங்களின் டிராயிங்கை ஒன்றாகச் சேர்க்கும் அசெம்பிளி ஃபைல் தன் பாகங்களை ஃபோல்டர் பாதை சொல்லித்தான் தேடும், இடம் மாறினால் திறக்கும்போதே தகராறு. ஒரு எக்செல் இன்னொரு எக்செலிலிருந்து தொகையை இழுத்துக்கொள்ளும் இணைப்புகளும் அப்படித்தான் அறுந்துபோகும். நிர்வாகத்துக்கான மாதாந்திர அறிக்கை (எம்.ஐ.எஸ்) தயாரிப்பவரிடம் முதலிலேயே கேட்டு வை.

அழிப்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 வருடம் வைத்திருக்க வேண்டும், ஜிஎஸ்டிக்கு ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம். எங்கள் எம்.டி பயந்தது வேறொன்றுக்கு, நம் கணக்கு வெளிநாட்டுக்குப் போய்விடுமா என்று. கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியையும் திருத்திவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 2015-லேயே புனே, மும்பை, சென்னையில் டேட்டா சென்டர் திறந்துவிட்டது, மைக்ரோசாஃப்ட் 365-ல் பதிவு செய்யும்போது நாடு இந்தியா என்று கொடுத்தால் ஃபைல்கள் இங்கேயே இருக்கும் என்று காட்டினேன், அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.

மாற்றும் நாள் பற்றி. ஏற்ற வேண்டிய 800 ஜிபி எங்கள் 100 எம்பிபிஎஸ் இன்டர்நெட் லைனில் காகிதக் கணக்குப்படி 18 மணி நேரம், நிஜத்தில் சின்னச் சின்ன ஃபைல்கள் லட்சக்கணக்கில் இருந்தால் பல மடங்கு ஆகும், பகலில் ஏற்றினால் மைக்ரோசாஃப்டே வேகத்தைக் குறைத்தும் விடும். அதனால் இரவு இரவாக இப்போதே ஏற்றிக்கொண்டிருக்கிறோம், ஃபைல்களை இடம் மாற்ற மைக்ரோசாஃப்டே தரும் இலவச மைக்ரேஷன் டூலில்தான், மறுபடி ஓட்டினால் மாறினவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். போகிக்கு முந்தைய நாளோடு இசட் டிரைவ் படிக்க மட்டும் என்று ஆகிவிடும், நான்கு நாள் விடுமுறையில் கடைசி ஓட்டம். பழைய சர்வர் மூன்று மாதம் முதல் மாடியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

கிளவுடுக்குப் போனால் பேக்கப் வேண்டாம் என்று உன் ஆபீஸில் யாராவது சொன்னால் கேட்காதே. சிங்க் ஆன ஃபோல்டரில் ஒருவர் அழித்தால் எல்லோருக்கும் அழிந்துவிடும், 93 நாள் வரை ரீசைக்கிள் பின்னில் இருக்கும், அதற்கப்புறம் கை விரிப்புதான். நாங்கள் தனியாக ஒரு நகல் எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம்.

ஸ்டோர்ஸ் அண்ணனுக்கு மட்டும் இன்னும் மனம் ஒப்பவில்லை, "இசட் டிரைவ் என் கைக்குப் பழகிடுச்சு தம்பி" என்கிறார். அவரோடு தினம் பத்து நிமிடம் உட்கார்ந்து அவருடைய ஸ்டாக் ஷீட்டை டீம்ஸிலேயே திறக்கப் பழக்குகிறேன். நேற்று அவரும் பர்ச்சேஸ் பெண்ணும் ஒரே ஷீட்டில் ஒரே நேரத்தில் எண் போட்டார்கள், அவள் அடிப்பது இவர் திரையில் ஓடுவதைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் டிசைன் ஆட்கள் டிராயிங்குக்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறார்கள், வெளியூர் சைட்டுகளுக்கு எப்படி அனுப்புகிறார்கள் என்று விசாரித்து எழுது, அந்த 700 ஜிபிக்கு என்னிடம் இன்னும் நல்ல வழி இல்லை. உன் சர்வர் எந்தத் தளத்தில் இருக்கிறது என்றும் எழுது. அப்பாவுக்கு என் வணக்கம், தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன்,
அம்பத்தூர்க்காரன்